காது கேளாதவர் ஒரு பேச்சை எந்த வடிவில் நினைவில் வைத்திருக்கிறார்?

அம்மாபேட்டைத் தங்கை:

வணக்கம். என் பெரிய அண்ணன் பிறவியிலேயே காது கேளாதவர். வயது ஐம்பத்திரண்டு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் முப்பது ஆண்டுகளாக வேலை செய்கிறார். சிறு வயதில், விடுதியோடு சேர்ந்த ஒரு சிறப்புப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தார். வகுப்பில் வாயசைவைப் பார்த்துப் பேசப் பழக்கினார்கள். சைகையை அவர் கற்றதெல்லாம் விடுதியில் மற்றப் பிள்ளைகளிடம்தான். வீட்டில் நாங்கள் அவரோடு பேசுவது பாதி வாயசைவு, பாதி நாங்களாகவே ஏற்படுத்திக்கொண்ட கைக்குறிப்பு.

எனக்கு நெடுநாளாக இருந்த ஒரு கேள்வி, போன மாதம் வீட்டில் நடந்த ஒன்றுக்குப் பிறகு என்னைத் தூங்கவிடவில்லை. அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று மாலை, வீட்டைப் பங்கிடுவது பற்றிப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். அது நடந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது பத்திரப் பதிவுக்காக மறுபடி கூடியபோது, அன்று யார் என்ன சொன்னார்கள் என்பதில் எனக்கும் சின்ன அண்ணனுக்கும் சித்தப்பாவுக்கும் மூன்று விதமான நினைவு. பெரிய அண்ணன் சற்று நேரம் எங்கள் வாய்களையே மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்தார். ஒரு நாற்காலியை வாசற்படி ஓரமாக நகர்த்தி, அது சித்தப்பா என்று காட்டினார். கட்டிலின் தலைமாடு மாமா. அடுப்படி நிலை அம்மா. பிறகு ஒவ்வோர் இடமாகப் போய் நின்று, அவரவர் சொன்னதை அவரவரைப் போலவே செய்து காட்டினார். மாமா பேசத் தொடங்கும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வெற்றிலைத் தட்டில் வைத்தது, மூன்று விரலை நீட்டி அதில் ஒன்றை மட்டும் மடக்கியது, சித்தப்பா பதில் சொல்லாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டது எல்லாம் அதில் வந்தது. அம்மாவின் இடத்தில் மட்டும் ஒரு தடவை எங்களுக்கு முதுகைக் காட்டிக் கையசைக்காமல் நின்றுவிட்டு, அடுத்த இடத்துக்குப் போய்விட்டார். அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

சின்ன அண்ணன் அன்று குறித்து வைத்திருந்த துண்டுச் சீட்டு பிறகு பீரோவில் கிடைத்தது. தொகைகளும், யாருக்கு எந்தப் பக்கம் என்பதும் பெரிய அண்ணன் காட்டியபடியே இருந்தன. அன்று அவருக்கு எதிரே உட்கார்ந்து, நடந்த பேச்சை முடிந்தவரை கையாலும் வாயாலும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான். என் வழியாகப் போன பேச்சு என்னிடம் தங்கவில்லை, அவரிடம் தங்கியிருக்கிறது.

அந்த மாலையை நினைத்தால் எனக்கு அம்மாவின் குரல் கேட்கிறது. அம்மா போய் நான்கு ஆண்டுகள் ஆகியும் அந்தக் குரல் இருக்கிறது. அண்ணனிடம் அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது? தமிழ் வாக்கியமா, எழுத்தா, உதட்டசைவா, கையா, வெறும் காட்சியா? பட்டறையில் தனியாகக் குனிந்து உட்கார்ந்து கொலுசுக் கண்ணிகளைப் பற்றவைத்துக்கொண்டிருக்கும்போது அவர் மனத்துக்குள் ஓடுவது எது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இவ்வளவு துல்லியமாக நினைவு வைத்திருப்பவர், சில சமயம் நான் சொன்னதை அப்படியே மாற்றி நினைவு வைத்திருக்கிறார். தைப்பூசத்தன்று காலையில் அவசரமாக, "மாலை வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்றேன். பால் பாக்கெட்டோடு வந்தார். நான் பாலைத்தான் கேட்டேன் என்று இன்றுவரை உறுதியாகச் சொல்கிறார். அவருக்கு மறதி என்கிறார்கள் வீட்டில்.

ஆண்டவன் ஒன்றை எடுத்துக்கொண்டால் இன்னொன்றைக் கூடுதலாகக் கொடுப்பான் என்று உறவினர்கள் சொல்லும் பதில் எனக்குப் போதவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எடுத்துச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இருமொழி மகள்:

தங்கைக்கு வணக்கம். என் அம்மா, அப்பா இருவருமே காது கேளாதவர்கள். எனக்கு முதலில் வந்த மொழி சைகை. தமிழைப் பாட்டியிடம் கற்றேன். இப்போது சேலத்தில் சைகை மொழி கற்பிக்கிறேன், மொழிபெயர்ப்பும் செய்கிறேன்.

காது கேளாதவர் என்ற ஒரே பெயருக்குள் பல வகையான மனிதர்கள் இருக்கிறார்கள். பிறவியிலேயே கேளாதவர், பேச்சு வந்த பிறகு செவியை இழந்தவர், சைகை பேசும் பெற்றோருக்குப் பிறந்தவர், பத்து வயது வரை எந்த மொழியும் முழுதாகக் கிட்டாதவர் என எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் அது தவறாகத்தான் இருக்கும். மனத்துக்குள் ஓடுவது, பெரும்பாலும் ஒருவருக்கு எந்த மொழி எப்போது தங்குதடையின்றிக் கிடைத்தது என்பதைப் பொறுத்தது. உங்கள் அண்ணனுக்கு அப்படிக் கிடைத்தது விடுதிப் பிள்ளைகளின் சைகை என்று நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து தோன்றுகிறது.

என் அம்மா ரேஷன் கடைக்குக் கிளம்பும் முன் வாசலில் சற்று நிற்பார். வலக்கை சேலைத் தலைப்புக்குள் மெல்ல அசையும். சர்க்கரை, துவரம்பருப்பு, பாமாயில். நாம் உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொள்வதைத்தான் அவர் விரலால் செய்கிறார். தூக்கத்திலும் சில இரவுகளில் அவர் கை பேசும். சிறுமியாக நான் விழித்திருந்து, அம்மா கனவில் யாரோடு வாதாடுகிறார் என்று போர்வைக்கு மேல் அந்தக் கையைப் படித்துக்கொண்டிருப்பேன். இது என் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் படித்த லாரா பிரிட்ஜ்மன், இரண்டு வயதில் நோயால் கண்ணையும் காதையும் இழந்தவர். தனியாக இருக்கும்போது அவர் விரலால் எழுத்துக்கூட்டித் தனக்குத்தானே பேசிக்கொள்வார் என்றும், வலக்கை தவறாக எழுத்துக்கூட்டிவிட்டால் இடக்கையால் அதைச் சட்டென்று தட்டுவார் என்றும் அவருடைய ஆசிரியர் சாமுவேல் ஹவ் எழுதி வைத்திருக்கிறார்.

இதைச் சோதனை செய்தும் பார்த்திருக்கிறார்கள். காது கேட்பவர்களுக்கு ஆங்கில எழுத்துகளைக் காட்டிச் சற்றுப் பொறுத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது, அவர்கள் கண்ணால் மட்டுமே பார்த்த எழுத்துகளைக் கூட ஒலியால்தான் குழப்பிக்கொண்டார்கள். 'பி' என்பதற்குப் பதில் 'வி' வந்தது. கான்ராட் என்ற ஆய்வாளர் 1964-இல் காட்டியது இது. பார்த்ததை மனம் ஒலியாக மாற்றித்தான் சற்று நேரம் வைத்திருக்கிறது என்பதற்கு அது சான்று. பிறகு 1970-களில் கலிபோர்னியாவில் உர்சுலா பெலூகியும் எட்வர்ட் கிளிமாவும், அமெரிக்கச் சைகை மொழி பேசுவோரிடம் சைகைகளை வரிசையாகக் காட்டி இதே போலக் கேட்டார்கள். அவர்களுடைய தவறுகளில் ஒலிக்கும் இடமில்லை, பொருளுக்கும் இடமில்லை. 'வாக்களிப்பது' என்ற சைகையைப் பார்த்தவர் 'தேநீர்' என்று எழுதினார். ஏனென்றால் அந்த மொழியில் இரண்டுக்கும் கை வடிவம் ஒன்று, இடம் ஒன்று. அசைவு மட்டுமே வேறு. அதாவது, அவர்கள் மனத்தில் வைத்திருந்தது படத்தை அல்ல, ஆங்கிலச் சொல்லையும் அல்ல. கை வடிவம், இடம், அசைவு என்று கூறுகளால் ஆன சைகைச் சொல்லையே வைத்திருந்தார்கள். சைகைகள் இப்படிக் கூறுகளால் ஆனவை என்பதை வில்லியம் ஸ்டோக்கி 1960-இலேயே எழுதியிருந்தார். நம் இந்தியச் சைகை மொழியிலும் இடம் எவ்வளவு முக்கியம் பாருங்கள்: மூக்குத்தி குத்தும் இடத்தில் விரலை வைத்தால் பெண், மீசை இருக்கும் இடத்துக்குக் கை போனால் ஆண்.

இது சற்று நேரம் வைத்திருக்கும் நினைவு. நீங்கள் கேட்பது பதினோரு ஆண்டு நினைவு. அது வேறு சங்கதி. அதற்கு நம்மைப் பற்றியே ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். காது கேட்கும் நாமும் பேச்சை வார்த்தைகளாக வைத்திருப்பதில்லை. ஜாக்குலின் சாக்ஸ் என்பவர் 1967-இல் செய்த சோதனையில், கேட்ட வாக்கியத்துக்குப் பின் அரை நிமிடம் வேறு வாக்கியங்கள் ஓடினாலே போதும், அந்த வாக்கியம் எந்த அமைப்பில் சொல்லப்பட்டது என்பது கேட்டவர்களுக்கு மறந்துபோனது. பொருளை மாற்றினால் மட்டும் உடனே கண்டுபிடித்தார்கள். உங்களுக்குக் கேட்கும் அம்மாவின் குரலும் அன்றைய வாக்கியங்களின் பதிவு அல்ல. உங்களிடம் தங்கிய பொருளுக்கு, உங்களுக்கு நன்கு பழகிய அந்தக் குரலை மனம் மறுபடி போர்த்திக் கொடுக்கிறது. இதைச் சொல்வதால் அந்தக் குரலின் அருமை குறைந்துவிடாது.

அண்ணனின் மனம் அதே பொருளுக்கு எதைப் போர்த்துகிறது என்பதற்கு அவர் நாற்காலியை நகர்த்தியதே விடை. சைகை மொழியில் இலக்கணமே இடத்தில்தான் இருக்கிறது. ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, என் முன்னால் இருக்கும் வெற்றிடத்தில் அவருக்கென்று ஒரு புள்ளியை ஒதுக்கிவிடுவேன். பிறகு அந்தப் பக்கம் சுட்டினாலே 'அவர்' என்று ஆகிவிடும்; இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கை போனால் 'இவர் அவருக்குக் கொடுத்தார்' என்று ஆகிவிடும். இன்னொருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது, 'என்று சொன்னார்' என்று முடிப்பதற்குப் பதிலாக, தோளையும் பார்வையையும் சற்றுத் திருப்பி அவராகவே மாறிவிடுவோம். அவர் புருவம், அவர் அவசரம், அவர் தயக்கம் எல்லாம் அதில் வரும். உங்கள் வீட்டில் எல்லோரும் இதை நடிப்பு என்று நினைத்திருக்கலாம். அது நடிப்பல்ல, மேற்கோள். இத்தனை ஆண்டுகளாக அந்த வகையில் பேசிப் பழகியவர், யார் எங்கே இருந்தார் என்பதை விட்டுவிட்டு என்ன சொன்னார் என்பதை மட்டும் தனியே வைத்திருக்க முடியாது. மாமாவின் கடிகாரமும் அதனால்தான் தங்கியது. நாம் தரையைப் பார்த்துக்கொண்டும் கேட்கலாம். அவர் மாமாவிடமிருந்து கண்ணை எடுத்தால் பேச்சே அறுந்துவிடும்.

இதனால் காது கேளாதவர்களுக்கு நினைவாற்றல் அதிகம் என்று எண்ணிவிடாதீர்கள். என் அப்பா வைத்த சாவியை வைத்த இடத்தில் ஒரு நாளும் எடுத்ததில்லை. வரிசை மாறாமல் உடனே திருப்பிச் சொல்லும் சோதனையில் பேச்சு மொழியில் ஏழு எண்கள் அளவுக்கு வருவது, சைகையில் ஐந்து அளவுக்குத்தான் வருகிறது. ஆனால் வரிசையை விட்டுவிட்டு, மனத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்யும் திறனை அளந்தால் இருவரும் சமமாக நிற்கிறார்கள். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. இரண்டு பாதைகள்.

பால், மாலை பற்றி அந்த அனுபவம் உள்ளவர் சொல்வதே பொருத்தம். நாகலூர்த் தம்பி இதைப் பார்த்தால் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாகலூர்க்காரன்:

அக்கா இருவருக்கும் வணக்கம். நான் பிறவியிலேயே காது கேளாதவன். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். தமிழ் எனக்கு எழுத்தாகத்தான் வந்தது. அதனால் பேச்சில் வராத நீளம் எழுத்தில் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாலும் மாலையும். கண்ணாடி முன் நின்று 'பாலை', 'மாலை' என்று குரல் எழுப்பாமல் சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும். பகரத்துக்கும் மகரத்துக்கும் உள்ள வேறுபாடு மூக்கிலும் தொண்டையிலும் இருக்கிறது. அவை எனக்குத் தெரியாது. படம், மடம். பணம், மணம். பாடு, மாடு. ககரமோ வாய்க்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். லகர, ளகர, ழகரங்களைப் பிரித்துச் சொல்ல முடியாது என்று காது கேட்பவர்களே திண்டாடுகிறார்கள். உதட்டைப் பார்ப்பவனுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஆகவே நாங்கள் உதட்டைப் படிப்பதில் பாதிக்கு மேல் ஊகம். காலை நேரம், அடுப்படி, அவசர முகம்; பால் என்று ஊகித்திருக்கிறார். ஊகித்த உடனே உதடு மறைந்துவிடும், ஊகித்த பொருள்தான் நினைவில் போய் உட்காரும். அதனால்தான் நீங்கள் பாலைக் கேட்டதாக அவர் உறுதியாகச் சொல்கிறார். அவர் மறக்கவில்லை, அக்கா. அவருக்கு வந்து சேர்ந்தது எதுவோ அதைச் சரியாக நினைவு வைத்திருக்கிறார்.

என்னைப் பொறுத்தவரை முக்கியமான செய்தி இதுதான். நாங்கள் எப்படி நினைவு வைக்கிறோம் என்று பலர் வியந்து கேட்கிறார்கள். எங்களிடம் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் பத்துப் பேர் இலை போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிச் சிரிப்பார்கள். என்ன என்று கேட்டால், "ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்" என்பார்கள். அப்புறம் வந்தால், "உன் மாமா பஸ்ஸில் பையை விட்டுவிட்டாராம்" என்று ஒரு வரி கிடைக்கும். அரை மணி நேரச் சிரிப்பு ஒரு வரி ஆகிவிடுகிறது. பத்து ஆண்டு கழித்து அந்த நாளைப் பற்றிப் பேசும்போது என்னிடம் அந்த ஒரு வரியும், சிரித்த முகங்களும்தான் இருக்கும். இதற்குத்தான் எங்களுக்கு மறதி என்று பெயர் வைக்கிறார்கள்.

மொழி வருவதற்கு முன்னாலும் எனக்கு நினைவு உண்டு. ஒன்பது வயதில் என்னைச் சமவெளிப் பள்ளியில் சேர்க்க அப்பா அழைத்துப் போனார். அதுவரை எனக்கு எந்த மொழியும் இல்லை. வீட்டுக் குறிப்புகள் முப்பது நாற்பது இருந்தால் அதிகம். அம்மா ஒரு துண்டில் கமலா ஆரஞ்சுகளைக் கட்டி என் மடியில் வைத்தார். அவர் உதடு நெடுநேரம் அசைந்தது. பஸ் கீழே இறங்கியது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் துண்டு ஒரு பக்கமாகச் சரிந்து, நான் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். எங்கே போகிறோம், நான் அங்கே தங்கப் போகிறேன் என்பது எனக்குத் தெரியாது. அந்தக் காட்சி இன்றும் துண்டின் கட்டங்களோடு இருக்கிறது. ஆனால் அதில் பேச்சு இல்லை. விடுதியில் சைகை வந்த பிறகுதான், இரண்டு ஆண்டு கழித்து ஒரு நாள், அது என்னைப் 'பிரிந்த' நாள் என்று எனக்கே விளங்கியது, அன்றுதான் அழுதேன். சிந்தனை மொழிக்கு முன்னாலேயே இருந்தது என்று என்னால் சொல்ல முடியும். அதை எடுத்துத் திருப்பிப் பார்ப்பதற்கும், நேற்று, நாளை, ஏன் என்று அடுக்குவதற்கும்தான் மொழி தேவைப்பட்டது. 1977-இல் நிகரகுவா நாட்டில் மனாகுவா நகரில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தபோது, ஒன்றுகூடிய பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு புதிய மொழியையே உண்டாக்கிவிட்டார்கள் என்று படித்தபோது எனக்கு வியப்பே ஏற்படவில்லை. எங்கள் விடுதி மொட்டை மாடியை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் மனத்தில் ஓடுவது இடத்துக்கு இடம் மாறுகிறது. மிளகு எடை போடும்போது எண்கள் கையாக ஓடும். அலுவலகக் கடிதம் எழுதும்போது தமிழ்ச் சொற்கள் எழுத்து வடிவத்தில் கண்ணுக்குள் நிற்கும். நண்பனோடு நடந்த பேச்சை நினைத்தால், அது வாட்ஸ்அப்பில் எழுத்தாக வந்ததா, வீடியோ அழைப்பில் சைகையாக வந்ததா என்று பல நேரங்களில் எனக்கே தெரியாது; செய்தி மட்டும் இருக்கும்.

ஆனால் ஒரு பேச்சு அப்படியல்ல. மார்கழி மாதம், இரவு எட்டு மணிக்கு, ஏரிப் பக்கமிருந்து நானும் என் விடுதி நண்பனும் நடந்து வந்தோம். மூடுபனி அவ்வளவு இறங்கியிருந்தது. நீட்டிய கை தெரியாது. விளக்குக் கம்பத்தின் அடியில் நின்றால்தான் பேச முடியும். ஒரு கம்பத்தின் கீழ் அவன் வேலை போய்விட்டது என்று சொன்னான். அடுத்த கம்பம் வரை இருவரும் ஒன்றும் பேச முடியாமல், நான் கேட்க நினைத்ததைக் கைக்குள் வைத்துக்கொண்டே நடந்தேன். இரண்டாவது கம்பத்தில் நான் கேட்டேன். மூன்றாவதில் அவன் பதில் சொன்னான். அந்தப் பேச்சு எனக்கு இன்றும் மூன்று வெளிச்ச வட்டங்களாகத்தான் நினைவில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அண்ணன் அம்மாவின் இடத்தில் உங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அங்கே எதையும் மறந்துவிட்டு நிற்கவில்லை என்று நினைக்கிறேன். அன்று அம்மா அந்த நேரத்தில் திரும்பி நின்று ஏதோ பேசியிருப்பார். உதடும் தெரியவில்லை, கையும் தெரியவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. அவர் கண்டதை அப்படியே காட்டியிருக்கிறார். அவரிடம் கேளுங்கள்.

கொண்டலாம்பட்டி தறிக்காரர் மகன்:

சகோதரிக்கு, என் அப்பாவைப் பற்றி மட்டும் சுருக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் அது மறுபக்கம். அவர் பிறக்கும்போது காது நன்றாகவே கேட்டது. பதினான்கு வயதிலிருந்து விசைத்தறிக் கொட்டகையில் நின்றார். பாவு அறுந்தது, தார் தீர்ந்தது, டீ வந்துவிட்டது என்று எல்லாவற்றுக்கும் அங்கே கையும் வாயசைவும்தான். தறி ஓடும்போது கத்தினாலும் கேட்காது. நாற்பத்தைந்து வயதுக்குள் காது போய்விட்டது.

அவர் நினைவில் பேச்சு ஒலியாகவே இருக்கிறது. அதுகூட இயல்பு. எனக்கு ஆச்சரியம் தந்தது வேறு. என் மகள் பிறந்தபோது அவருக்கு ஒன்றுமே கேட்காது. அவள் குரலை அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஆனாலும் அவள் சொன்னதை நினைக்கும்போது குரல் கேட்கிறது என்கிறார். எப்படிப்பட்ட குரல் என்று கேட்டேன். "என் தங்கச்சி சின்ன வயசுல பேசின மாதிரி" என்றார். அத்தைக்கு இப்போது அறுபது வயது. அந்தக் குரலை அப்பா பத்திரமாக வைத்திருந்து பேத்திக்குக் கொடுத்திருக்கிறார்.

இருமொழி மகள்:

தறிக்காரர் மகன் எழுதியது மிக முக்கியம். மொழி முதலில் எந்தப் புலன் வழியாக உள்ளே போனதோ, அந்தப் புலன் மூடிய பிறகும் மனம் அந்த உடையையே எடுத்துப் போர்த்துகிறது.

தங்கைக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. அண்ணனிடம் இதையெல்லாம் கேட்க வீட்டுக் குறிப்புகள் போதாது. டெல்லியில் 2015-இல் தொடங்கப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் அகராதி வெளியிட்டிருக்கிறது. 2018-இல் 3,000 சொற்களோடு வந்தது, 2021-இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. காணொளிகளாகவே பார்க்கலாம். அண்ணனையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். விடுதியில் எப்படிச் சொல்வோம் என்று அவரே திருத்துவார்.

அம்மாபேட்டைத் தங்கை:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனோடு அந்தக் காணொளிகளைப் பார்த்தேன். அக்கா சொன்னபடியே, பாதிக்கு மேல் திருத்தினார்.

போன ஞாயிறு கேட்டேன். பட்டறையில் வேலை செய்யும்போது மனத்துக்குள் பெரும்பாலும் விடுதி நண்பர்களின் கைகள் ஓடுகின்றன என்றார். அம்மாவை நினைத்தால் என்ன வரும் என்று கேட்டேன். இடது புருவத்துக்கு மேல் இருக்கும் வடுவைத் தொட்டுக் காட்டினார். அவர் நான்கு வயதில் திண்ணையிலிருந்து விழுந்த வடு அது. அம்மா அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் எதிரே வந்து நின்று தன் புருவத்தில் அந்த இடத்தைத் தொடுவார்; அவருக்கு அதுதான் பெயர். எனக்குக் குரல் கேட்கும் இடத்தில் அவருக்கு அம்மாவின் விரல் புருவத்துக்குப் போகிறது.

பிறகு நாகலூர்த் தம்பி சொன்னதைக் கேட்டேன். தம்பி, நீங்கள் எழுதியது சரிதான். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு ஏதோ சொன்னார், உடனே மாமா தலையைக் குனிந்துகொண்டார், நீயும் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய், என்னிடம் சொல்லவில்லை என்றார். பதினோரு ஆண்டுகளாக அந்த இடம் அவரிடம் அப்படியே இருந்திருக்கிறது. நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. அம்மா பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே, "மாடி அறையைப் பெரியவன் பேருக்கே எழுதிவிடுங்கள். அவன் கேட்க மாட்டான். நாமாகத்தான் கொடுக்க வேண்டும்" என்றார். அதை அண்ணனுக்குச் சொல்லத் தொடங்கி, நடுவில் கை நின்றுவிட்டது. தமிழில் கேட்பது ஒரே சொல். சைகையில் காதைத் தொட்டால் ஒன்று, கையை நீட்டினால் இன்னொன்று. அம்மா எதை நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. இரண்டையும் செய்து காட்டி, இரண்டில் எது என்று தெரியவில்லை என்றேன்.

மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு எழுந்து போய் அடுப்படி நிலையில் நின்றார். இந்தத் தடவை அடுப்புக்கு முதுகைக் காட்டி, எங்கள் எல்லோரையும் பார்த்தபடி, அம்மா சொன்னதை முதலிலிருந்து முழுதாகச் சொன்னார். அந்தச் சொல் வந்ததும் காதைத் தொடவில்லை. கையைத்தான் நீட்டினார்.